முதல் காலடி

— கதவைச் சாத்தாதீங்க இக்னாத் அண்ணே. காலை உள்ள வெச்சாச்சு. இன்னிக்கு உங்க பேர்கொண்ட புனிதர் இக்னாத்தோட நாள். இந்த நாள்ல முதல்ல வந்தவனைத் திருப்பி அனுப்பினா வருஷம் பூரா வீட்டுக்கு ஆகாது.

— இனிமே ஆகாமப் போறதுக்கு என்ன சார் இருக்கு? பத்திரிகைக்காரங்ககிட்ட வாயே திறக்கக் கூடாதுன்னு வக்கீல் சொல்லியிருக்கார். கிளம்புங்க.

— யாருங்க அது? பேர்நாளும் அதுவுமா வாசல்லயே நிக்க வெச்சுப் பேசுறீங்க?

— நான் கமென், அக்கா. உங்க வீட்டுக்காரர் ரெண்டு வருஷம் யார் போனை ஒட்டுக்கேட்டார்னு கேஸ் நடக்குதோ, அந்தக் கமென். பேர்நாளுக்குக் கூப்பிடாமலே வரலாமில்ல, அதான் வந்தேன்.

— உள்ள வாங்க தம்பி. காலையிலேருந்து ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்கல. போன வருஷம் நாற்காலி பத்தாம பக்கத்து வீட்ல வாங்கிப் போட்டோம். உக்காருங்க, முதல்ல வந்தவர் உக்காரலைன்னா கோழி அடை உக்காராது.

— மூணாவது மாடியில ஏதுடி கோழி? ஸ்லாவ்கா, நீ சும்மா இரு.

— எதுக்குச் சும்மா இருக்கணும்? ஒட்டுக்கேக்கச் சொன்ன மந்திரி பான்ஸ்கோ மலையில பனிச்சறுக்கு விளையாடுறார். செஞ்ச நீங்க பாஸ்போர்ட்டைக் குடுத்துட்டு, வாரம் ரெண்டு தடவை ஸ்டேஷன்ல கையெழுத்துப் போடுறீங்க.

— நம்ம மாப்பிள்ளையோட வேலை அந்த மந்திரி கையிலதான் இருக்கு, மறந்துடாத. சார், நான் டெலிபோன் லைன்மேன். ஒயர் இழுக்கச் சொன்னாங்க, இழுத்தேன். உங்க குரலை இன்னிக்குத்தான் முதமுதலா கேக்குறேன். போதுமா?

— கேஸுக்காக வரல அண்ணே. மார்ச்ல எங்கம்மா போய்ச் சேர்ந்துட்டாங்க. போட்டோ நிறைய இருக்கு, குரல் ஒரு துண்டு கூட இல்ல. தினம் காலையில எட்டு மணிக்குக் கூப்பிடுவாங்க. நான் வேலை இருக்குன்னு பாதியிலயே வெச்சிடுவேன். நீங்களாவது முழுசாக் கேட்டிருப்பீங்க.

— நான் எதுவும் கேக்கல.

— ஒரே ஒரு பதிவு போதும். எங்கேருந்து வந்துச்சுன்னு யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.

— அப்படி ஒண்ணு இருந்து, நானே எடுத்து நீட்டினா ஆறு வருஷம் உள்ள போவேன். மந்திரி போக மாட்டார், நான் போவேன். வயசு அறுபத்தொண்ணு ஆகுது. இல்ல சார். எங்கிட்ட எதுவும் இல்ல.

— சரி அண்ணே. நான் வர்றேன்.

— வெறும் வயித்தோட போகாதீங்க தம்பி. கோஸ் இலையில சோறு வெச்சுச் சுருட்டினது. நோன்பு நாள்னு கறி போடல. ஒண்ணே ஒண்ணு எடுத்துக்குங்க.

— குடுங்க அக்கா. எங்கம்மாவும் இதே மாதிரிதான் சுருட்டுவாங்க.

— தம்பி, வாயில வெக்காத. கீழ வை. உள்ள வால்நட் அரைச்சுப் போட்டிருக்கா. உனக்குத் தொண்டை வீங்கிடும்.

— என்னங்க, அது உங்களுக்கு எப்படித் தெரியும்?

— இதை எங்கம்மா மட்டும்தான் சொல்வாங்க, அண்ணே. எங்க சாப்பிடப் போனாலும் சொல்வாங்க. அதுவும் போன்லதான்.

— கதவைச் சாத்து, ஸ்லாவ்கா. பரண் மேல இருக்கிற பிஸ்கட் டப்பாவை எடு. நீ உக்காரு தம்பி. மார்ச்ல அன்னிக்கு எட்டு மணி தாண்டியும் அம்மா போன் வரலைன்னதும், உனக்கு முன்னாடி பதறினவன் நான்தான்.