டயருக்குள் தேங்காய் நார்

மாலை நான்கு மணிக்கு மகள் வந்திருக்க வேண்டும். ஆழியாறு அணைப் பக்கம், மலையடிவாரச் சரளைக்கல் பாதையில் தனியாகச் சைக்கிளில் போயிருந்தாள். பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் சந்தித்து, சைக்கிளைப் பஸ் மேல் ஏற்றிக் கோவை திரும்புவதாக ஏற்பாடு. ஐந்தரைக்கு ஆழியாறு பஸ்ஸிலிருந்து இறங்கிய இருவர் டீக்கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

"டயருக்குள்ள தேங்கா நாருங்க. என் கண்ணால பாத்தனுங்க," என்றார் துண்டு கட்டியவர்.

"சைக்கிள் டயருக்குள்ளயா? கதை உடாதீங்க," என்றார் மற்றவர்.

"சரளைக்கல்லுல டியூப் கிழிஞ்சுபோச்சுங்க. ஒத்தைல ஒரு புள்ள. டெம்போல ஏறிக்க அம்மணின்னேன், மாட்டேன்னுட்டா. எங்க தோப்புல நாரு கேட்டு வாங்கி, நனைச்சு, டயருக்குள்ள கெட்டியா திணிச்சுபோட்டு மிதிச்சுட்டுப் போயிட்டா."

"நாப்பது வருசமா நாரு உரிக்கறீங்க. உங்களுக்குத் தோணுச்சா?"

"எங்கீங்க தோணுச்சு! நீலக் கட்டம் போட்ட ஆம்பளச் சட்டை, கைய மடிச்சு உட்டுருந்தா."

அது என் சட்டை. டம்ளரைக் கீழே வைத்தேன்.

"பெத்தவங்க எப்படித்தான் உட்டாங்களோ," என்றார் மற்றவர்.

"அந்தப் புள்ளய எப்படீங்க உடாம இருக்கறது?" என்றார் துண்டு கட்டியவர்.

இருட்டும் நேரத்தில் அவள் வந்தாள். பின்சக்கரத்தின் ஓரமெல்லாம் நார் பிதுங்கியிருந்தது.

"பஞ்சரால லேட்டாகலீங்கப்பா," என்றாள். "அணையப் பாத்துட்டே நின்னுட்டனுங்க."