கல்லை விட்டு வராத மீன்

என் பெயரும் தகப்பனார் பெயரும் முதல் தாளில் எழுதியாகிவிட்டது. கடைத்தெருவில் எல்லோரும் என்னை மீனக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், அதையும் சேர்த்து எழுதச் சொன்னேன். வயது நாற்பத்தேழு. திருமணம் ஆகவில்லை. விலாசம், அலங்கார மீன் கடைக்கு மேலே மாடியில் பின் அறை. தொழில் என்ற இடத்தில் உதவி ஆய்வாளர் என்னைக் கேட்காமலே 'வீட்டு வேலை' என்று எழுதினார். அதை அடித்துவிட்டுக் 'கடல்மீன் வளர்ப்பு' என்று எழுதினால்தான் மேற்கொண்டு வாயைத் திறப்பேன் என்று சொன்னேன். அடித்து எழுதினார். அடித்த இடத்தில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

என் மேல் புகார் கொடுத்திருப்பவர் என் உடன்பிறந்த தம்பி. 'கொடுத்திருப்பவர்' என்பது உதவி ஆய்வாளரின் மரியாதை. நான் பிறந்ததிலிருந்து அவன் என்றே சொல்லி வந்திருக்கிறேன், இனி அப்படியே எழுதச் சொல்லியிருக்கிறேன். கடையில் இருந்த அபூர்வமான மீன் ஜோடியை நான் திருடிக்கொண்டு போனதாகவும், நான் அந்தக் கடைக்கு 'எப்போதாவது வந்து ஒத்தாசை செய்தவர்' என்றும் புகாரில் சொல்லியிருக்கிறான். மீனை நான் எடுத்தது வாஸ்தவம். பட்டப்பகலில், முன்வாசல் வழியாக, எதிர்வரிசைத் தையல்காரி பார்த்துக்கொண்டிருக்க, வாளியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனேன். ஆனால் அந்த 'எப்போதாவது' என்ற வார்த்தையை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உள்ளே தூக்கி வைத்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கடையை ஆரம்பித்தவர் அப்பா. அவர் இருந்தவரை நல்ல தண்ணீர் மீன் மட்டும்தான் விற்றோம். அவர் காலமான பிறகு தம்பி கல்லாவில் உட்கார்ந்தான், நான் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டேன். அதன் பிறகு கடல்மீனும் கொண்டுவரலாம் என்று சொன்னது நான்தான். இதெல்லாம் நமக்குச் சரிப்பட்டு வராது என்று தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான். உப்புத் தண்ணீர் பக்குவமாகக் கலக்கப் பழகியதும், அதில் கை ஊறி ஊறி விரல் இடுக்கெல்லாம் வெடித்ததும் எனக்குத்தான். தம்பிக்குக் கை ஈரமானால் பிடிக்காது.

மேற்படி மீன் என்ன மீன் என்று கேட்டதால் சொல்கிறேன். வெப்பக் கடல்களில் பவளப்பாறைப் பொந்துகளில் குடியிருக்கும் சின்ன மீன்கள், ஒரு பெரிய குடும்பமே இருக்கிறது. வியாபாரத்தில் டாட்டிபேக் என்பார்கள். விரல் நீளம்தான். எங்களிடம் இருந்த வகை முன்பாதி ஊதா, பின்பாதி மஞ்சள். நடுவில் அடிக்கோல் வைத்துப் பிரித்ததுபோல் நிறம் மாறும். பெயின்ட் அடித்ததா என்று கேட்காத வாடிக்கையாளர் கிடையாது. நிறத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது, தன்னைவிட இரண்டு பங்கு பெரிய மீனைக்கூடத் தன் பொந்துப் பக்கம் அண்டவிடாது. கடையில் நாங்கள் அதை ரௌடி என்றுதான் சொல்வோம். முன்பின் தெரியாத இரண்டை ஒரே தொட்டியில் விட்டால் ஒன்றுதான் மிஞ்சும். தம்பி ஒருமுறை அப்படித்தான் விட்டான். மறுநாள் ஒன்று துடுப்பெல்லாம் கிழிந்து மிதந்ததைப் பார்த்துவிட்டு, சரக்கு சரியில்லை என்று அனுப்பியவரோடு போனில் மல்லுக்கு நின்றான்.

அதன் பிறகு நான் சின்னதாக ஒன்றை வரவழைத்து, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் விட்டு, மிஞ்சிய பெரியது இருந்த தொட்டியில் தொங்கவிட்டேன். ஒன்றையொன்று பார்த்துப் பார்த்து முறைப்பெல்லாம் ஆறிய பிறகு டப்பாவைத் திறந்துவிட்டேன், இரண்டும் ஒட்டிக்கொண்டன. அதன் பிறகு அவற்றுக்குத் தோதான பொந்து இல்லை என்று கண்டு, ஒரு பாறைக்கல்லை எடுத்து வீட்டு டிரில்லால் நானே துளை போட்டேன். டிரில் முனை முறிந்தது. அதற்குத் தம்பி போட்ட கூச்சல் தெருமுனை வரைக்கும் கேட்டது. அதன் பிறகு அந்தத் துளைக்குள் முட்டை வந்தது. குஞ்சுகள் பொரிப்பதும் சாவதுமாக நெடுநாள் போயிற்று, நான் எத்தனையோ காலை எழுந்து வந்து வெறும் தண்ணீரைப் பார்த்து அழுதிருக்கிறேன். குஞ்சுகளுக்கான இரை கண்ணுக்கே தெரியாத அளவு பொடியான உயிர். அதைத் தனியாகப் பாசி ஊறிப் பச்சையான தண்ணீரில் வளர்க்க வேண்டும். நான் ஜாடிகளைக் குலுக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டுத் தம்பி மனைவி, "அக்கா பாசித் தண்ணிக்குத் தாலாட்டு பாடுறாங்க" என்று சிரிப்பாள். சிரிக்கட்டும் என்று விட்டேன். ஒருவழியாகக் குஞ்சுகள் பிழைத்தன. நிறம் ஏறி, ஊதாவும் மஞ்சளுமாக வரிசையாக நின்றபோது எங்கெங்கிருந்தோ ஆட்கள் பார்க்க வந்தார்கள். தம்பி அவர்களிடம், "நாங்களே வளர்த்தது சார்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வான். எனக்கு அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த 'நாங்க'வில் நானும் இருக்கிறேன் என்று நம்பினேன்.

சம்பவத்தன்று காலையில் நான் தொட்டி துடைத்துக்கொண்டிருந்தபோது தம்பி வந்து, கடையை ஓர் ஓட்டல் முதலாளிக்கு விற்றுவிட்டதாகவும், மாடி அறையும் அதில் சேர்த்தி என்றும் சொன்னான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கை ஈரத்தைத் துடைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

"உன் சாமானெல்லாம் எடுத்துக்கோக்கா. சாயங்காலம் ஆளுங்க வர்றாங்க" என்றான்.

"என் சாமான்னா எதுடா?" என்று கேட்டேன்.

"உன் சாமான் எதுன்னு உனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான்.

தெரியும். அதனால் எடுத்தேன். முதலில் என் முக்காலியையும், அதன் பிறகு இரை ஜாடிகளையும் தையல்காரி வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். அங்கே எனக்கென்று ஒரு சின்ன கண்ணாடித் தொட்டி ஏற்கெனவே இருக்கிறது. அதன் பிறகு வாளியைத் தொட்டிக்குள் அமுக்கி, நான் துளை போட்ட கல்லைத் தண்ணீரை விட்டு வெளியே எடுக்காமல் அப்படியே வாளிக்குள் உருட்டி எடுத்தேன். துளைக்குள் ஆண்மீன் இருந்தது. அதனிடம் முட்டை உருண்டை இருந்தது. இந்த மீனில் முட்டையைக் காப்பது ஆண்தான், பெண் முட்டையிட்டதும் கடித்துத் துரத்திவிட்டுத் தானே விசிறிக்கொண்டு உட்கார்ந்துகொள்ளும். இதைச் சொன்னபோது பெண் காவலர், "ஒரு இனத்துலயாவது தகப்பன் பிள்ளையைப் பார்த்துக்கிறானே" என்று சிரித்தார். அது எழுதத் தேவையில்லை என்று உதவி ஆய்வாளர் சொன்னார். நான்தான் எழுதச் சொன்னேன்.

ஆகவே ஜோடியைத் திருடினேன் என்பது பொய். பெண்மீனை நான் தொடவில்லை. துரத்தப்பட்ட அது தொட்டியின் பின்பக்கம் ஃபில்டர் குழாய் இடுக்கில் இருக்கிறது. தம்பி தன் தொட்டியில் இருக்கும் மீனையே காணோம் என்று புகார் கொடுத்திருக்கிறான்.

வாளியைத் தையல்காரி வீட்டில் வைத்து, கல்லைத் தொட்டிக்கு மாற்றுவதற்குள் காவலர்கள் அங்கே வந்து என்னையும் வாளியையும் நிலையத்துக்கு அழைத்து வந்தார்கள். பேட்டரியில் ஓடும் காற்றுக் குழாயை நான் கூடவே எடுத்து வந்தேன். நிலையத்தில் அது நின்றபோது பெண் காவலர் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி அதிலிருந்த பேட்டரியை எடுத்துக் கொடுத்தார். அதற்கு அவருக்கு நன்றி.

இங்கே வந்த பிறகு தம்பி ஒரு சமாதானம் பேசினான். மீனை நானே வைத்துக்கொள்ளலாமாம், புகாரை வாபஸ் வாங்கிக்கொள்வானாம். அதற்குப் பதில், நான் கடைக்கு எப்போதாவது வந்து ஒத்தாசை செய்தேன், கடையில் எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவனுக்கு மீன் ஒரு சாக்கு. அந்த ஒரு வரிதான் வேண்டும், அது கையில் இருந்தால் ஓட்டல்காரருக்குப் பின்னால் வில்லங்கம் வராது. உதவி ஆய்வாளர் நல்ல மனதோடுதான், "ஒரு வரிதானேம்மா. போட்டுக் குடுத்துட்டு மீனை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க" என்றார்.

நான் வாளியில் இருந்த கல்லின் துளைக்குள் உற்றுப் பார்த்தேன். முட்டைகளுக்குள் கண்கள் தெரிய ஆரம்பித்துவிட்டன. அப்படித் தெரிந்தால் அன்றைக்கு இருட்டியதும் பொரித்துவிடும். அதற்குள் தையல்காரி வீட்டுத் தொட்டிக்குப் போகாவிட்டால் அத்தனையும் இந்த வாளியிலேயே சாகும். எனக்கு அந்த முட்டைகள் வேண்டும். வயிற்றில் இருந்ததுபோல் நினைத்துத்தான் அவற்றைப் பார்த்து வந்தேன், இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. ஆனாலும் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொன்னேன். இத்தனை காலம் விடிந்தது முதல் கடை அடைக்கும்வரை நான் கால் கடுக்க நின்றதை 'எப்போதாவது' என்று எழுதி, அதன் கீழே நானே என் பெயரைப் போடவா? கறிவேப்பிலையைக்கூடக் குழம்பு கொதித்து முடிந்த பிறகுதான் தூக்கி எறிவார்கள்.

அதைக் கேட்டுத் தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. அப்படியானால் மீனை இப்போதே திருப்பிக் கொடு, அதை விலை பேசினவர் காத்திருக்கிறார் என்று கத்தினான். உதவி ஆய்வாளர் வாளியை மேசைக்கு அருகே நகர்த்தி, "உங்க மீன்தானே, எடுத்துக்குங்க" என்றார்.

தம்பி சட்டைக் கையை மடக்கிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தான். அவனுக்குக் கல் மட்டும்தான் தெரிந்தது. வாளியைத் தட்டிப் பார்த்தான். கல்லை ஆட்டிப் பார்த்தான். அதன் பிறகு துளைக்குள் விரலை விட்டான், விட்ட வேகத்தில் உதறிக்கொண்டு எடுத்தான். ரௌடி கடித்துவிட்டது. பெரிய காயம் ஒன்றும் இல்லை, என்னை அது கடிக்காத நாள் கிடையாது. அவனுக்கு அது முதல் கடி. பெண் காவலர் வாயைப் பொத்திக்கொண்டார். தம்பி விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். அதன் பிறகு என் பக்கம் திரும்பி, சின்ன வயதில் செருப்பு வார் கழன்றால் வந்து நிற்பானே, அதே குரலில் கேட்டான்:

"இதை எப்படிக்கா வெளிய எடுக்கிறது?"

தன் வாயில் என்ன வந்தது என்று அவனுக்கே அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

நான் உதவி ஆய்வாளரிடம், "அவன் கேட்டதை எழுதிக்குங்க சார்" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். அதன் பிறகுதான் தம்பிக்குப் பதில் சொன்னேன்: "கல்லை விட்டு வராதுடா. கல்லோடதான் எடுக்கணும். இன்னைக்கு இருட்டினதும் குஞ்சு பொரிக்கும். அதுக்கு என்ன இரை, எப்ப போடணும்னு தெரிஞ்சா தாராளமா தூக்கிட்டுப் போ."

அவன் தூக்கவில்லை. போன் பேச வேண்டும் என்று வெளியே போனவன் இதுவரை திரும்பி வரவில்லை. வாளி என் காலடியில் இருக்கிறது. காற்றுக் குழாய் ஓடிக்கொண்டிருக்கிறது. ஜன்னலில் இன்னும் வெளிச்சம் இருப்பதால் இதைச் சீக்கிரம் முடிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மேலே கண்டதெல்லாம் யாரும் சொல்லிக் கொடுக்காமல் நானாகச் சொன்னது. முழுவதையும் வாசித்துக் காட்டக் கேட்டேன். தம்பி கேட்ட கேள்வி ஓர் எழுத்தும் மாறாமல் இருக்கிறதா என்று அந்த இடத்தை மட்டும் இன்னொரு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். மாறாமல் இருக்கிறது. அனைத்தும் உண்மை.

(ஒப்பம்)
மீனக்கா,
கடல்மீன் வளர்ப்பு