பிடுங்கிய ஸ்குறோல் லொக் விசை

எனது பெயர் தயாபரன் அஜந்தா. வயது முப்பத்து நான்கு. அனலைதீவு தெற்கில் வசிக்கிறேன். வீட்டில்தான் இருக்கிறேன். தட்டச்சுக் கடை வைத்திருக்கும் கஜாலினி என்மீது கொடுத்த முறைப்பாடு பொலிஸ் நிலையத்தில் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. விசைப்பலகையிலிருந்து அந்த விசையைப் பிடுங்கியது நான்தான். கணினியை உடைக்கவில்லை.

எனது கணவர் ஊர்காவற்றுறையில் கைபேசி, கணினி திருத்துபவர். மாலைப் படகில் வீடு திரும்புவது வழக்கம். ஊர்காவற்றுறை இறங்குதுறைக்குப் பக்கத்தில் கஜாலினி கடை திறந்த பிறகு அவர் அடிக்கடி படகைத் தவறவிட்டு, அங்கேயே தன் தமக்கை வீட்டில் தங்கத் தொடங்கினார். கேட்டால், "எக்செலிலை அம்புக்குறியை அமத்தினால் பெட்டி மாறுதில்லை, முழு அட்டவணையும் ஓடுது. பாவம், அந்தப் பிள்ளைக்கு ஒண்டும் தெரியாது" என்பார். நான் காய்ச்சலில் கிடந்தபோது அவர் வாயில் இந்தப் பாவம் வரவில்லை.

அதன் பின்னர் நான் கைபேசியில் தேடிப் பார்த்தேன். எல்லாம் ஸ்குறோல் லொக் என்ற ஒரு விசை செய்யும் வேலை. முந்திய காலத்தில் திரை நிறைய எழுத்து மட்டும்தானாம். அம்புக்குறியால் இருந்த இடம் மாறாமல் பக்கத்தை மட்டும் நகர்த்த அந்த விசையை வைத்தார்களாம். இப்போது எக்செலைத் தவிர அதை மதிப்பார் அநேகமாக இல்லை. மறுபடி ஒருதரம் அமத்தினால் எல்லாம் சரியாகிவிடும். அதற்கு ஒரு மனிதன் படகைத் தவறவிடத் தேவையில்லை.

அதன் பின்னர் காலைப் படகில் வந்து அந்தக் கடைக்குள் போனேன். கஜாலினி எழுந்து கதிரை தந்தார். அவர் என்னைவிட வடிவு. அதையும் இந்த வாக்குமூலத்தில் எழுதும்படி கேட்டுக்கொண்டேன். நான் விசையைக் காட்டி, "தங்கச்சி, இதை ஒருக்கா அமத்தினால் சரி. இனி அவரைக் கூப்பிடத் தேவையில்லை" என்றேன்.

"தெரியும் அக்கா. அவர் முதல்நாளே காட்டித் தந்திட்டார்" என்றார்.

அதன் பின்னர் மேசையில் கிடந்த கத்தரிக்கோலால் அந்த விசையை நெம்பி எடுத்தேன். வேறு எதையும் தொடவில்லை, கை ஓங்கவில்லை. எரிச்சலில் செய்தேன். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

அதன் பின்னர் பொலிஸ் நிலையத்துக்கு அழைத்துவரப்பட்டு விசையை மேசையில் வைத்தேன். சற்று நேரத்தில் கணவர் வந்தார். விசையை எடுத்துத் திருப்பி, பின்பக்கக் கொக்கி உடையவில்லை என்று பார்த்துவிட்டு, "ஐயா, இதை இப்பவே கடைக்குக் கொண்டுபோய்ப் பூட்டிவிடட்டோ?" என்று கேட்டார்.

இவ்வளவும் நான் சொன்னபடியே எழுதப்பட்டிருக்கிறது. வாசிக்கக் கேட்டேன். நடந்தது இதுதான், திருத்த ஒன்றுமில்லை.

த. அஜந்தா