கரி துடைத்த கண்ணாடி

சூரிய கிரகணத்தன்று நிமிர்ந்து பார்க்க விடாமல், மாமர இலை இடுக்குகளால் நிழலில் விழுந்த சூரியப் பிறைகளை மட்டும் ஏன் காட்டினீர்கள் என்று என் பிள்ளைகள் கேட்டார்கள். முன்பொரு கிரகணத்துக்கு மறுநாள் மருதானை டிராமில் என் காதில் விழுந்த பேச்சுத்தான் அதற்குப் பதில். எனக்கு முன் ஆசனத்தில் ஒரு தாயும் சிறிய மகளும் இருந்தார்கள்.

"அம்மா, டிக்கட் தாறவருக்கு முகம் இல்லை."

"சும்மா இரு மகள். அவருக்குக் கேட்டா என்ன நினைப்பார்?"

"தொப்பி இருக்கு, கழுத்து இருக்கு. நடுவில கறுப்பா ஒண்டு நிக்குது. உங்களுக்கும் மூக்கு இல்லை அம்மா."

தாய் மகளின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினார்.

"நேற்று கண்ணாடியாலதானே சூரியனைப் பார்த்தனீ? டீச்சர் சொன்ன மாதிரி விளக்கில கரி பிடிச்சுத் தந்தனான்."

"அதால ஒண்டும் வடிவாத் தெரியேல்லை. பாவாடையால கொஞ்சம் துடைச்சனான்."

"பிறகு?"

"பிறகு நல்லாத் தெரிஞ்சுது. கடிச்ச பிஸ்கட் மாதிரி."

"எவ்வளவு நேரம் பார்த்தனீ?"

"சந்திரன் விலகுமட்டும்."

தாய் வெளியே ஒரு கடைப் பலகையைக் காட்டினார். "அதை வாசி பார்ப்பம்."

"எழுத்தைப் பார்க்க அதில கறுப்பு வந்து நிக்குது. அம்மா, சந்திரன் சூரியனை விட்டிட்டு என்ர கண்ணுக்குள்ள வந்திட்டுதா?"

"இல்லை மகள். இறங்குவம், கண்ணாஸ்பத்திரிக்குப் போவம். நீ கண்ணை மூடிக்கொள், நான் கையைப் பிடிக்கிறன்."

வண்டி நின்றது. சிறுமி கண்களை மூடிக்கொண்டு படியில் கால் வைத்தாள்.

"மூடினாலும் அது நிக்குது அம்மா."