மேல் ஓடைத் தங்கம்

டோரீன்: ...தட்டை அப்படிக் கவுக்காதீங்க, ஹார்வி. மணல் வெளிய போகணும், தங்கம் அடியில நிக்கணும். நாலு நாளா சொல்றேன்.

ஹார்வி: நான் என்ன பண்ண... மணிக்கட்டு பேச்சு கேக்க மாட்டேங்குது.

டோரீன்: நேத்து வந்த ஜெர்மன்காரம்மாவுக்கு எம்பது வயசு. ரெண்டே நிமிஷத்துல மூணு துணுக்கு எடுத்துட்டாங்க.

ஹார்வி: அவங்களுக்குத் தையல் பழக்கமாம். கை ஓடும்.

டோரீன்: சாக்குக்குக் குறைச்சல் இல்ல. ஆமா, கனடாவோட வடகோடிக்கு யூகான் பாக்க வந்தவரு மலை, ஆறு, கரடின்னு சுத்தாம, இந்த ஒரே ஓடைக்கு நாலு தடவையா வருவாரு?

ஹார்வி: டூரிஸ்டுங்களுக்கு நீங்க நல்லா கதை சொல்றீங்க, அதான்.

டோரீன்: தினமும் அதே கதைதானே.

ஹார்வி: எங்க? தங்கத்துக்காக மண்ணள்ளுன அந்தப் பழைய கப்பல், முதல் நாள் நீங்க சொன்னப்ப நாப்பது வருஷம் ஓடுச்சு. நேத்து அம்பது ஆயிடுச்சு.

டோரீன்: ஆர்வமா கேக்கறவங்களுக்குப் பத்து வருஷம் கூடப் போட்டுத் தருவேன்... சீக்கிரம் அலசுங்க. மத்தவங்க கப்பல போட்டோ எடுத்து முடிச்சதும் பஸ் டிரைவர் ஹார்ன் அடிச்சிருவாரு. அதோட இந்த வருஷ டூர் முடிஞ்சுது.

ஹார்வி: இன்னிக்குத்தான் கடைசி டிரிப்பா?

டோரீன்: கடைசி. மலை உச்சியப் பாருங்க, வெள்ளையாயிடுச்சு.

ஹார்வி: அப்புறம் நீங்க...

டோரீன்: வருஷா வருஷம் தெக்க, அக்கா வீட்டுக்குத்தான். மாடியில ஒரு ரூமு. எட்டு மாசமும் அவ பூனையோட சண்டை.

ஹார்வி: ஓ...

டோரீன்: நீங்களும் உங்க ஊரு சஸ்காட்செவனுக்குக் கிளம்பணும்ல? கோதுமை காத்துட்டு இருக்குமே.

ஹார்வி: எது... ஆமா, ஆமா. கோதுமை.

டோரீன்: முந்தாநாள் பார்லின்னீங்க.

ஹார்வி: ரெண்டும்தான்... பக்கத்துப் பக்கத்துல. டோரீன், இந்தத் தட்ட இன்னிக்கு நீங்க அலசுங்களேன்.

டோரீன்: நானா? மண்ண அள்ளிப் போட்டுக் குடுக்கறதோட என் வேலை முடிஞ்சுது.

ஹார்வி: கடைசி நாள். ஒரே ஒரு தடவை.

டோரீன்: குடுங்க... ஏன் தட்ட விடாமப் புடிச்சிருக்கீங்க?

ஹார்வி: விரல் விறைச்சுப்போச்சு, தண்ணி ஐஸா இருக்கு.

டோரீன்: நாலு நாளா அதே தண்ணிதான்... சரி, கல்லு போச்சு... கறுப்பு மணல் தெரியுது... ஒண்ணு, ரெண்டு, மூணு. நான் போட்ட மூணும்...

ஹார்வி: நீங்க போட்டதா?

டோரீன்: வாய விட்டுட்டேன். கேளுங்க, ஒவ்வொரு தட்டுலயும் மூணு துணுக்கு நாங்களே போட்டுத்தான் குடுப்போம். அவ்வளவு தூரத்துலருந்து வந்தவங்க வெறுங்கையோட திரும்பக் கூடாதுல்ல. வெளிய சொல்லிராதீங்க.

ஹார்வி: மூச்சு விட மாட்டேன். இன்னும் கொஞ்சம் அலசுங்க.

டோரீன்: இதுக்கு மேல ஒண்ணும்... இருங்க. என்ன இது?

ஹார்வி: என்னது?

டோரீன்: பட்டாணி அளவுக்கு இருக்கு... ஹார்வி, தங்கக் கட்டி.

ஹார்வி: அப்படியா. அதிர்ஷ்டந்தான்.

டோரீன்: இந்த ஓடையில வர்றது வெளிறித் தகடா இருக்கும். இது செவப்பு, முனைகூட தேயல. மேல் ஓடைத் தங்கம் இது.

ஹார்வி: பஸ்ல கதை சொல்றவங்களுக்கு இதெல்லாம் எப்படி...

டோரீன்: எங்கப்பா ஆயுசு முழுக்க இங்க மண்ணு அலசுனவரு. பேச்ச மாத்தாதீங்க. யாரு போட்டது?

ஹார்வி: நான்தான்... சஸ்காட்செவன்ல எனக்கு ஒரு கோதுமைச் செடிகூடக் கிடையாது. மேல் ஓடையில தோண்டறவன் நான், இருபத்தாறு வருஷமா. முதல் நாள் உங்க பஸ் என் பாதைய மறிச்சு நின்னுச்சு. சண்டை போடத்தான் வந்தேன். நீங்க "ஏன் பெரியவரே இவ்வளவு லேட்டு"ன்னு தட்ட கையில திணிச்சுட்டீங்க.

டோரீன்: அப்ப சண்டை?

ஹார்வி: மறந்துபோச்சு.

டோரீன்: நாலு நாளா தட்டக் கவுத்தது?

ஹார்வி: ஒவ்வொரு துணுக்கும் தண்ணியோட போறப்ப வயிறு எரிஞ்சுது. ஆனா ஒழுங்கா அலசியிருந்தா, நீங்க வந்து என் கையப் புடிச்சுக் காட்டியிருக்க மாட்டீங்களே.

டோரீன்: இந்தாங்க, உங்க கட்டியப் புடிங்க.

ஹார்வி: அது இந்த வருஷம் கிடைச்சதுலயே நல்ல கட்டி. உங்களுக்குத்தான். மோதிரமா அடிச்சுத் தர ஊர்ல ஒருத்தன் இருக்கான். ஆனா குளிர்காலத்துலதான் அவனுக்கு நேரம். அதனால... நீங்க போகாம இங்கயே இருந்தா...

டோரீன்: ஹார்ன் அடிக்கறாரு.

ஹார்வி: அடிக்கட்டும். பொய் சொன்னவன்தான், திட்டணும்னா திட்டுங்க. ஆனா ஒரு பதில் சொல்லிட்டுப் போங்க.

டோரீன்: அந்தத் திருப்பத்துல ஒரு பலகை இருக்கு, "சுற்றுலாக்காரர் உள்ளே வந்தால் நாய் கடிக்கும்"னு. அடியில ஹார்வி பெல்டன்னு பேரு. அதத் தாண்டித்தான் தினம் ரெண்டு தடவை போறேன்.

ஹார்வி: அப்ப... முதல் நாளே தெரியுமா?

டோரீன்: டிக்கெட் இல்லாம, மூஞ்சி செவக்க, முழங்கால் வரைக்கும் சேத்தோட வந்து நின்ன ஒரே பயணி நீங்கதான். கையில ஒரு வேலையக் குடுத்தா கத்த மாட்டீங்கன்னு தோணுச்சு.

ஹார்வி: எங்கிட்ட நாயே கிடையாது, டோரீன்.

டோரீன்: அதுவும் தெரியும். முந்தாநாளே அக்காவுக்கு போன் பண்ணி, இந்த வருஷம் ரூம பூனைக்கே விட்டுடுன்னு சொல்லிட்டேன். நீங்க சொல்லுங்க, வெட்டி வச்சிருக்கற விறகு ரெண்டு பேருக்குப் பத்துமா?