பலிக்கு அளவு

— செத்துட்டானா, கண்ணாயிரம்?

— பூட்டாரு, இஞ்சினீர் சார். வாலாஜாபாத் ஆஸ்பத்திரிக்கு மாட்டு வண்டியில ஏத்தினோம். ஆத்து மணலு தாண்டறதுக்குள்ள முடிஞ்சிபோச்சு.

— தூணுக்குத் தோண்டுற கிணத்து வேலை நிக்கலையே?

— இல்ல சார். ஆளுங்க உள்ள எறங்கி மணல வாரிக்கினுதான் இருக்கானுங்க.

— குட். பாலாத்துல தண்ணி வர்றதுக்குள்ள இந்தத் தூணுக்கு அடி போட்டாகணும்.

— மனசு கேக்கல சார். புள்ள புடிக்கிறவன், பாலத்துக்கு பலி குடுக்கப் போறான்னு ஊரே கூடி அடிச்சிருக்குது. அந்தப் பொரளிய கெளப்பிவிட்டது நாமதானே?

— நான்தான் கெளப்பச் சொன்னேன். அதுக்கென்ன இப்போ? வெள்ளைக்காரன் ரயில் பாலம் கட்டினப்போ தூணுக்கு ஒரு புள்ளைய உள்ள வச்சான்னு இதுங்க இன்னும் நம்புதுங்க. இத்தனை வெள்ளத்துக்கும் அந்தப் பாலம் அசையாம நிக்குதே, அது இரும்பு, செங்கல், கணக்குய்யா. சொன்னா மண்டையில ஏறாது. பயம்னா உடனே ஏறும். அப்புறம் ஒரு பொடிசாவது கிணத்துப் பக்கம் எட்டிப் பாத்துச்சா? ஒரு கம்பி திருடு போச்சா?

— போவல சார்.

— பின்ன? எவனோ பரதேசி.

— பரதேசி இல்ல சார். வயசானவரு. வெளுத்த வேட்டி, நெத்தி நெறைய பட்டை. தெருவுல வெளையாடிக்கினு இருந்த அஞ்சு வயசுப் பொண்ண நிக்கவச்சு, இடுப்புலேர்ந்து கால் வரிக்கும் நூலப் புடிச்சு அளந்துக்கினு இருந்தாராம். எதுத்த வூட்டு செல்லியம்மா பாத்துட்டு, ஐயோ, பலிக்கு அளவு எடுக்குறான்னு கத்திட்டா.

— நூலா?

— பட்டு நூலு சார். அரக்கு கலரு. அவ்ளோ அடியிலயும் அத்த வுடல. கைய விரிச்சு எடுக்கவே முடியல எங்களால. பேத்திக்கும்மா, பேத்திக்குன்னு மட்டும் சொன்னாராம். யாரு காதுல வாங்கறாங்க?

— ஐயோ.

— சார்? இன்னா சார், வெயில்ல கீழ உக்காந்துட்டீங்க?

— எங்கப்பா காலையில சைட்டுக்கு வந்தாரு, கண்ணாயிரம். பேத்திக்குப் பாவாடை நெய்யணும், உயரம் தெரிஞ்சாதான் தறியில பாவு பூட்ட முடியும், கொழந்தைய ஒரு தடவை கண்ணுல காட்டுடான்னு கேட்டாரு. ஆளுங்க முன்னாடி இப்படி வந்து நிக்காதப்பா, ஊருக்குள்ள எவ புள்ளையையாவது நிக்கவச்சு அளந்துக்கோன்னு நான்தான் வெரட்டினேன்.