ஒன்பது வருஷமா புது ஆயில்

அய்யய்யோ, அந்தத் துணியில தொடைக்காதீங்க தம்பி! அது பாலிஷ் துணி! மஞ்சத் துணி கண்ணாடிக்கு, வெள்ளைத் துணி சீட்டுக்கு... இந்தாங்க பேப்பர், கையை இதுல தொடைங்க. எல்லாரும் இதே வேலைதான் பண்றீங்க. நேத்து ஒருத்தர், அதுக்கு முன்னாடி ஒருத்தர்... வந்ததும் வராததுமா பானெட்டைத் தூக்கு, ஆயில் மூடியைத் திருகு, விரலை உள்ள விடு! வண்டி வாங்க வந்தீங்களா, பல்லு பாக்க வந்தீங்களா? பெயிண்டைப் பாருங்க தம்பி. சீட்டைப் பாருங்க! கம்பெனிக்காரன் மாட்டின பிளாஸ்டிக் உறை, இன்னும் பிரிக்கல. உக்காந்தா சரக் சரக்குன்னு சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேக்க ஒருத்தருக்கும் கொடுத்து வைக்கல.

என்ன... என்னத்தை மோந்து பாக்கறீங்க? அதுவா? அது ஒண்ணுமில்ல. மூடிக்கு அடியில லேசா வெண்ணெய் மாதிரி ஏதோ படியும். நேத்து சாயங்காலம்தான் காது குடையற பஞ்சுக் குச்சியால அத்தனையும் சுரண்டி எடுத்தேன். மறுபடியும் எங்கேருந்து வந்துச்சுன்னே தெரியல... இல்ல, சுரண்டினேன்னா, சுத்தம் பண்ணேன்னு சொல்ல வர்றேன். வீடு கூட்டறதில்லையா, அந்த மாதிரி. நீங்க வேற உடனே என் மூஞ்சியைப் பாக்கறீங்க.

இங்க பாருங்க, நான் பெரிய குடோன்ல ஸ்டோர் கீப்பரா இருந்தவன். ரிட்டயர் ஆகற வரைக்கும் அதே நாற்காலி. எங்கிட்ட உள்ள வந்த சாமான் எப்படி வந்துச்சோ அப்படியே இருக்கும். சீல் உடையாது, அட்டை கசங்காது. யாராவது ஒரு நட்டு வேணும், போல்ட்டு வேணும்னு வந்து நின்னா, "எதுக்கு?"ன்னு கேட்டுக் கேட்டே திருப்பி அனுப்பிடுவேன். பாதிப் பேர் வெளியில காசு போட்டு வாங்கிட்டுப் போயிடுவாங்க. அப்படிப்பட்டவன் கையில இருந்த வண்டி தம்பி இது! இதுல போய் குத்தம் கண்டுபிடிக்கிறீங்களே!

இந்தத் தெருவுல என்னைக் கவர் மாமான்னுதான் கூப்பிடறாங்க. கிண்டலாம்! கூப்பிடட்டும். தினமும் காலையில வண்டி மேல போட்ட கவரைக் கழட்டுவோம். ஒரு முனை நான், எதிர் முனை என் வீட்டுக்காரி. தனியா இழுத்தா தரையில உரசி மண்ணு ஒட்டிக்கும், அதனால எப்பவும் ரெண்டு பேர். கழட்டி, தொடைச்சு, ஸ்டார்ட் பண்ணி, நின்ன இடத்துலயே அஞ்சு நிமிஷம் உறும விடுவேன். பேட்டரி சாகக் கூடாதில்ல? அப்புறம் ஆஃப் பண்ணிட்டு மறுபடி கவர். மழையா இருந்தாலும் சரி, காய்ச்சலா இருந்தாலும் சரி, ஒரு நாள் தவறினதில்ல. காய்ச்சல் எனக்கில்ல, அவளுக்கு. இருந்தாலும் வந்து முனையைப் பிடிச்சா, குறை சொல்லக் கூடாது.

என்ன? அதனாலதான் வருதா? எஞ்சின் சூடே ஆகாம ஆஃப் பண்ணா உள்ள தண்ணி கோத்துக்குமா? நல்லா இருக்கே கதை! காத்துல இருந்து தண்ணி வருதாம், ஆயில்ல கலக்குதாம், கசடு ஆகுதாம்... என் வண்டியில கசடு! நாலு தூறல் விழுந்தா தெருவுலயே இறக்க மாட்டேன் தம்பி. அப்புறம் எங்கேருந்து தண்ணி? சும்மா காது குத்தாதீங்க.

ஓடினது எவ்வளவா? அங்கதான் நீங்க அசந்து போவீங்க. ஒன்பது வருஷத்துல ஆறாயிரம் கிலோமீட்டர்! அவ்வளவுதான்! வீட்லேருந்து தெருமுனைக் கடை, கடையிலேருந்து பேங்க், திரும்பி வீடு. எங்க மாப்பிள்ளை ஒரு தடவை கேட்டான், "மாமா, ரெண்டு நாளைக்குக் கொடுங்க"ன்னு. கொடுத்துட்டேனா? அவன் ஒரு மாதிரிதான் பேசறான் இப்பல்லாம்... பேசட்டும்.

ஆயில் எப்ப மாத்தினதா? மாத்தறதா... எதுக்கு மாத்தணும்? புத்தகத்துல என்ன போட்டிருக்கான்? பத்தாயிரம் ஓடினா மாத்துன்னு போட்டிருக்கான். ஓடினது ஆறாயிரம். இன்னும் நாலாயிரம் மிச்சம் இருக்கு! ஷோரூம்ல ஊத்தின அதே ஆயில் தம்பி, ஒன்பது வருஷமா புது ஆயில்! வேற எங்க போய்ப் பாத்தாலும் இப்படி ஒரு... என்ன? "அல்லது வருஷத்துக்கு ஒரு தடவை"யா? ஆமா, கீழ பொடி எழுத்துல என்னமோ போட்டிருக்கான். அது ஊர் சுத்தறவங்களுக்கு. நமக்கு எதுக்கு அது?

டார்ச்செல்லாம் அடிக்காதீங்க தம்பி, உள்ள இருட்டா இருக்குன்னா இருட்டாத்தான் இருக்கும்! தார் இல்ல அது. நிழல். இதே மாதிரிதான் அந்தக் கூலிங்கிளாஸ் மெக்கானிக்கும் குதிச்சான். உள்ளுக்குள்ளயும் கூலிங்கிளாஸைக் கழட்ட மாட்டான், அவனுக்கு எல்லாம் கறுப்பாத்தானே தெரியும்? எஞ்சினுக்கு அடியில இருக்கற ஆயில் சட்டியைக் கழட்டினான். கரண்டியை விட்டு வழிச்சு வழிச்சுப் போட்டுட்டு, "பெரியவரே, சல்லடை அடைச்சுக்கிச்சு, ஆயில் மேல ஏறவே இல்ல, எஞ்சினைத் தொறந்து மொத்தமா கழுவணும்"னான். தொறக்கறதா? சீல் உடையாத எஞ்சின்! "உள்ள கையை வெக்காதே, நல்ல ஆயிலை எதுக்குக் கீழ கொட்டற, வடிகட்டி அதையே திருப்பி ஊத்து"ன்னேன். அவன் மாட்டேன்னுட்டான். நானே வீட்லேருந்து டீ வடிகட்டியைக் கொண்டு போனேன். அதுக்கும் இவ ஒரு முறைப்பு முறைச்சா...

ஆங்? இல்ல இல்ல, ரிப்பேருன்னு எதுவும் ஆனதில்ல. முதல்லயே சொன்னேனே. இது சும்மா... பாலத்து மேல ஒரு தடவை லேசா நின்னுச்சு. போன வாரம். ஆயில் லைட் எரிஞ்சுச்சு, உள்ள சுத்தியலால தட்டற மாதிரி ஒரு சத்தம், அப்புறம் கம்முனு நின்னுடுச்சு. அதுவும் வண்டி தப்பில்ல. பழக்கமில்லாத ரோட்ல அவ்வளவு தூரம் ஓட்டினா எந்த வண்டிதான் நிக்காது?

ஏன் ஓட்டினேன்னு கேளுங்க. எல்லாம் அதோ, வாசப்படியில பையை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காளே, அவளாலதான். அவ அக்கா பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கா. குளியலறையில வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு ஒடஞ்சு படுத்த படுக்கை. "தங்கச்சியைக் கூட்டிட்டு வா, தங்கச்சியைக் கூட்டிட்டு வா"ன்னு ஒரே பாட்டு. பஸ்ஸுல போகலாம், ஆனா இவளுக்கு முட்டி வலி, படி ஏற முடியாது. ஒன்பது வருஷமா இவளும் கேக்கறா, கார்ல ஒரு தடவை அக்கா வீட்டுக்குப் போயிட்டு வரலாம்னு. அந்தத் தெரு பூரா ஜல்லி தம்பி! சக்கரம் என்ன ஆகறது? அடுத்த மாசம், அடுத்த மாசம்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். எனக்கும் அந்த அம்மா மேல பாசம்தான். வேலை இல்லாம இருந்தப்ப எனக்குச் சோறு போட்ட கை அது. சரின்னு போன வாரம் கிளம்பினா, நடுப்பாலத்துல படுத்துடுச்சு.

இவ சொல்றா, "வாங்க, ஆட்டோ பிடிச்சுப் போயிடலாம், அக்கா காத்துக்கிட்டிருப்பா." எப்படிப் போறது? வண்டியை அநாதையா விட்டுட்டா? எவனாவது ஆணியால கிறுக்கிட்டான்னா? இழுத்துப் போற வண்டி வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் வெயில்ல நின்னோம். அப்படியே திரும்பி வீட்டுக்கு வந்துட்டோம். அன்னிலேருந்து எங்கிட்டப் பேச்சு கிடையாது. பாத்திரம்தான் பேசுது. வண்டியை வித்துட்டுத்தான் பேசணுமாம்... அதையும் வாயைத் தொறந்து சொல்லல, கேலண்டர் தாள்ல எழுதி கண்ணாடியில ஒட்டி வெச்சா. வீட்டுக் கண்ணாடியில இல்ல தம்பி, வண்டிக் கண்ணாடியில! பசை போக எனக்கு ஒரு நாள் ஆச்சு.

என்ன, மூடியைப் போட்டுட்டீங்க? பானெட்டை மெதுவா... ஆங், அப்படி. நல்ல மனுஷன் நீங்க, தடார்னு போடல. சரி, உள்ள வாங்க, டீ சாப்பிட்டுக்கிட்டே பேசலாம். விலையே கேக்கலையே? யோசிச்சுச் சொல்றீங்களா? எல்லாரும் அதேதான் சொல்லிட்டுப் போறாங்க, ஒருத்தரும் யோசிக்கறதா தெரியல. தம்பி, குறைச்சுக்கறேன் தம்பி... நீங்க டாக்ஸிதானே ஓட்டறீங்க? உங்க வண்டியைக் கொஞ்சம் பாருங்க! கதவு நசுங்கி, பம்பர்ல கயிறு கட்டி... எவ்வளவு ஓடியிருக்கு? மூணு லட்சமா! அதை வெச்சுக்கிட்டு என் வண்டியை மோந்து பாக்க வந்துட்டீங்க!

இரு... என்னம்மா? யார்கிட்டப் பேசற? அவர்கிட்டயா? தம்பி, அவ என்ன கேக்கறா? பாலம் தாண்டிப் போவீங்களான்னா? ஏம்மா, ஒரு வாரமா எங்கிட்ட வாயைத் தொறக்கல, முன்ன பின்ன தெரியாத மனுஷன்கிட்ட... போறாராமா? அதுக்கு? இரு, நானே அடுத்த வாரம் வண்டியைச் சரி பண்ணி... சரி பண்றதுக்கு ஒண்ணுமில்ல தம்பி, சும்மா சொல்றேன்.

பாருங்க, உங்க டாக்ஸியில செருப்பைக் கூடக் கழட்டாம ஏறறா! என் வண்டியில காலைத் தட்டிட்டு, செருப்பைப் பையில போட்டுக்கிட்டு ஏறறவ. முன் சீட்டுல உக்காந்துட்டா... சிரிக்கிறாளா? சிரிக்கிறாளே. இவ சிரிச்சு எவ்வளவு நாளாச்சுன்னு நானே மறந்துட்டேன். எனக்கு என்னமோ மாதிரி இருக்கு தம்பி. அவ்வளவு நாளா இங்கேயேதான் இருந்தா, பக்கத்துலயே...

ஸ்டார்ட் பண்ணிட்டீங்களா? சத்தமே கேக்கலையே! நில்லுங்க, நானும் வர்றேன்! நானும் அவங்களைப் பாக்கணும், எனக்குச் சோறு போட்டவங்க! ஒரே நிமிஷம். கவரை மட்டும் போட்டுட்டு ஓடி வந்துடறேன், காத்துல தூசி பறக்குது பாருங்க. ஏம்மா, ஒரு நிமிஷம் இறங்கி வந்து அந்த முனையைப் பிடிச்சுட்டுப் போயிடேன். ஏம்மா... தம்பி, ஹாரன் எதுக்கு அடிக்கறீங்க, இதோ ஆச்சு... இந்தப் பக்கம் மாட்டிட்டேன், அந்தப் பக்கம்தான் பாக்கி... அட, தரையில உரசுதே... ஏம்மா! போயிட்டாங்களா?

யாராவது அந்த முனையைக் கொஞ்சம் பிடிங்களேன்...